மொட்டை மாடிக்கு தார் ஷீட்டு ரோல் நாமளே ஒட்டறது எப்படி: வட சென்னை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மழை முடிஞ்சு பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம்னு அண்ணாந்து பாக்கறப்பதான் தெரியும், தண்டையார்பேட்டைல இருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஏகப்பட்ட வீட்டு ஹால் சீலிங்ல மஞ்சளா ஒரு வட்டம், அதைச் சுத்தி பூச்சு பொரிஞ்சு உதிர்ந்துட்டு இருக்கும். உடனே எல்லாரும் பண்றது என்ன, கடைக்குப் போய் 20 லிட்டர் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் பக்கெட் ஒண்ணு வாங்கி வந்து ஞாயித்துக்கிழமை மாடி பூரா ரெண்டு கோட் அடிச்சுடறது. சின்ன வெடிப்புக்கு அது போதும், தப்பு சொல்லல. ஆனா தளம் வயசானது, வருஷா வருஷம் அதே இடத்துல ஒழுகுதுன்னா பெயிண்ட் கனம் பத்தாது, அங்கதான் இந்த ரோல் ஷீட்டு வருது. கொத்தனாருங்க தார் ஷீட்டுன்னு சொல்வாங்க, கடையில ஏ.பி.பி. மெம்பிரேன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. தாரோட பாலிமர் கலந்து நடுவுல ஒரு துணி வெச்சு பேக்டரியிலயே 3 இல்ல 4 மில்லிமீட்டர் கனத்துல உருட்டி வர்றது, அதனால எந்த இடத்துலயும் மெலிசா போச்சுங்கற பேச்சு இல்ல. ரோலோட அடிப்பக்கத்தை கேஸ் டார்ச் நெருப்புல இளக வெச்சு தளத்துல ஒட்டறதுதான் வேலை.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன், இந்த வழிகாட்டி பூரா இதைச் சுத்திதான் போகும். ஷீட்டு நடுவுல ஓட்டையாகி ஒழுகறது ரொம்ப அபூர்வம். ஒழுகறது எல்லாம் ஷீட்டு முடியற இடத்துலதான், அதாவது கைப்பிடிச் சுவர் ஓரம், மழைத்தண்ணி பைப் வாய், டேங்க் மேடை, ரெண்டு ஷீட்டு சேர்ற ஜாயிண்ட். ஆளு வெச்சு பண்ணாலும் சரி நீங்களே பண்ணாலும் சரி, நடு மாடிக்கு அரை நாள் போதும், ஓரத்துக்குத்தான் நேரம் போகணும். கான்ட்ராக்ட் ஆளுங்க சதுர அடிக்கு ரேட் பேசறதால நடு மாடியை சரசரன்னு உருட்டிட்டு ஓரத்துல கையை வீசிட்டுப் போயிடறாங்க, நாமளே பண்றதுல இருக்கற பெரிய லாபமே அந்த ஓரத்துக்குத் தேவையான பொறுமை நம்ம கையில இருக்குங்கறதுதான்.

முதல்ல, உங்க மாடிக்கு இது ஆகுமா

கான்கிரீட் தளம்னா ஆகும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுங்க இருக்கு, தேக்கு உத்தரம் போட்டு அதுக்கு மேல சின்னச் செங்கல்லை சுண்ணாம்புல குறுக்கா நட்டு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு அடிச்சு, மேல தட்டோடு பதிச்சது. அந்த மாடில தயவுசெஞ்சு கேஸ் டார்ச் பிடிக்காதீங்க. கீழ இருக்கறது நூறு வருஷம் காஞ்ச மரம், ஒரு சந்து வழியா நெருப்பு உள்ள போனா வெளிய தெரியறதுக்குள்ள முடிஞ்சிடும். அது போக சுண்ணாம்புத் தளம் ஈரத்தை உள்ள வாங்கி வெயில்ல வெளிய விடுற தளம், அதை மேல இருந்து தாரால மூடினா ஈரம் மரத்துப் பக்கம்தான் இறங்கும். அந்த வீட்டுக்கு தட்டோடு சந்தை சுரண்டி திரும்ப சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச பழைய கொத்தனாரைத் தேடிப் பிடிக்கறதுதான் வழி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கூரைக்கும் இந்த டார்ச் வேலை கிடையாது.

கான்கிரீட்டா இருந்தாலும் ஒரு தடவை உள்ள நின்னு சீலிங்கைப் பாருங்க. கம்பி துருப்பிடிச்சு உப்பி பூச்சு பாளம் பாளமா விழுந்திருக்கா? காசிமேடு, எண்ணூர் பக்கம் கடக்காத்து, அதோட அந்தக் காலத்துல உப்பு போர் தண்ணியிலயே கட்டின வீடுங்க வேற, இது ரொம்ப சகஜம். அப்படி இருந்தா மேல ஷீட்டு போட்டு தண்ணியை நிறுத்தலாமே தவிர கம்பி திரும்ப பலம் ஆகாது, முதல்ல அதை இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

இன்னொண்ணு, ஒழுகறது நிஜமாவே மாடியிலேர்ந்துதானா? சின்டெக்ஸ் டேங்க் நிறைஞ்சு வழியறது, மேல் வீட்டு பாத்ரூம் பைப், பக்கத்து வீட்டுக்காரர் பொதுச் சுவர்ல விட்ட பைப், இதெல்லாம் கூட அதே மஞ்ச வட்டத்தைப் போடும். மழை இல்லாத மாசத்துலயும் கறை ஈரமா இருந்தா சந்தேகம் பைப் மேலதான் வரணும்.

மாடியில ஏற்கனவே தட்டோடோ கூலிங் டைல்ஸோ இருந்தா கரண்டிக் கட்டையால அங்கங்க தட்டிப் பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா அதுக்கு மேலயே வேலை பண்ணலாம், டொக்கு டொக்குன்னு வந்தா அந்த டைல்ஸை எடுத்துட்டு கலவை போட்டு சமன் பண்ணணும். பாதிக்கு மேல டொக்குன்னா கீழ இருக்கற ஜல்லி தண்ணியைக் குடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம், அதை முழுசா பேத்து எடுத்து காயவிடாம மேல ஷீட்டு ஒட்டறது வேஸ்ட்.

எப்போ பண்றது

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, அப்போ இதைத் தொடவே கூடாது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல பகல் பூரா வெயில் அடிச்சுட்டு சாயந்திரம் திடீர்னு இடி மழை கொட்டும், பண்ணலாம் ஆனா மனசு பக்குனே இருக்கும். என் ஓட்டு பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும். தை, மாசில விடியக்காலைல பனி இறங்கி தளம் ஈரமா இருக்கும், கண்ணுக்கு காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் 8 மணி வரைக்கும் விட்டுடுங்க. மே மாசம்னா தலைகீழ், பகல்ல ஷீட்டு இளகி செருப்புத் தடம் பதியும், விடிஞ்சதும் ஆரம்பிச்சு 10 மணிக்கு நிறுத்திடணும். அது போக நம்ம ஏரியால மத்தியானம் ஆச்சுன்னா கடக்காத்து எழும்பும், டார்ச் நெருப்பு உங்க பேச்சைக் கேக்காது, அதனாலயும் காலைதான் நல்லது.

வாட்டம்

மொட்டை மாடின்னா தட்டையா இருக்கற மாதிரி தெரியும், ஆனா தண்ணி ஓடணும்னா 100க்கு 1 வாட்டமாவது வேணும். 25 அடி நீள மாடின்னா பைப் இருக்கற ஓரம் எதிர் ஓரத்தை விட 3 இஞ்ச் தாழ்வா இருக்கணும். அளக்கறதுக்கு மெஷின் எல்லாம் வேணாம், தண்ணி நிரப்பின ட்யூப் மட்டம் போதும். அதை விட நல்ல சோதனை, நாலஞ்சு பக்கெட் தண்ணியை மாடில ஊத்தி விட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து எங்க தேங்கி நிக்குதோ அங்க கரித்துண்டால சுத்தி கோடு போட்டு வெச்சுக்கங்க. ஷீட்டு தண்ணில நனையறதால கெட்டுப் போகாது, ஆனா நாள்கணக்கா தேங்கற இடத்துல ஜாயிண்ட் இருந்தா அந்த ஜாயிண்ட்டோட விதி முடிஞ்சது.

பள்ளம் சின்னதா இருந்தா சிமெண்ட் மணல் கலவையில லேடெக்ஸ், அதாவது கலவை நல்லா பிடிக்கறதுக்கு ஊத்தற பால் மாதிரி திரவம், கலந்து நிரப்பிடலாம். மொத்த மாடிக்கும் வாட்டம் கம்மின்னு கனமா கலவை கொட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு போடுங்க, ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு சதுர அடிக்கு 5 கிலோ கிட்ட வரும், 500 சதுர அடி மாடின்னா ஒரு இஞ்சுக்கே ரெண்டரை டன். பழைய தளத்து மேல அது சின்ன விஷயம் இல்ல.

பைப்பையும் இப்பவே பாத்துடுங்க. 500 சதுர அடி மாடில 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 4,600 லிட்டருக்கு மேல தண்ணி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னைல ரெண்டு நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்ச இடங்கள் இருக்கு. அவ்வளவும் ஒரே ஒரு 2 இஞ்ச் பைப் வழியா இறங்கணும்னா மாடி குளமாயிடும். 4 இஞ்ச் பைப் வெயுங்க, முடிஞ்சா ரெண்டு. இலை, காக்கா கொண்டு போட்ட எலும்பு, அறுந்த காத்தாடின்னு ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு ஓடும். அதுக்கும் மேல, கைப்பிடிச் சுவர்ல தளத்துலேர்ந்து 3, 4 இஞ்ச் உயரத்துல வெளிப்பக்கமா ஒரு துளை விட்டு வெச்சா பைப் அடைச்ச அன்னைக்கு அது காப்பாத்தும், ஆனா அந்தத் தண்ணி பக்கத்து வீட்டு மேல விழாம பாத்துக்கங்க, இல்லன்னா வேற பஞ்சாயத்து.

என்னென்ன வாங்கணும்

ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். 3 எம்.எம். ரோல் முப்பது கிலோவுக்கு மேல, 4 எம்.எம். நாப்பதுக்கு மேல, நம்ம சந்து வீட்டு செங்குத்து மாடிப்படில அதைத் தோள்ல தூக்கிட்டு ஏறணும்ங்கறதை மனசுல வெச்சுக்கங்க, ரெண்டு பேர் வேணும். மாடிக்கு 4 எம்.எம். வாங்குங்க. உள்ள இருக்கற துணி பாலியெஸ்டரா பைபர் கிளாஸான்னு கேளுங்க, பாலியெஸ்டர் இழுபடும், நம்ம ஊர் வெயில்ல தளம் விரிஞ்சு சுருங்கறதுக்கு அதுதான் சரி. ஏ.பி.பி.ன்னா 140 டிகிரிக்கு மேல போனாத்தான் இளகும், சாதா தார் 50 டிகிரி கிட்டயே இளக ஆரம்பிச்சுடும், அதனால லேபிளைப் படிக்காம சீப்பா கிடைக்குதுன்னு எதையோ வாங்கிடாதீங்க.

மேல் முகம் மூணு விதமா வரும். பிளாஸ்டிக் பிலிம் ஒட்டினது, மணல் தூவினது, சின்னக் கல்லுத்தூள் பதிச்சது. முதல் ரெண்டும் வெயில்ல அப்படியே விடக்கூடாது, மேல ஏதாவது மூடணும். கல்லுத்தூள் பதிச்சது அப்படியே விடலாம், வெலை ஜாஸ்தி, ஆனா நாமளே பண்றோம்னா அதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா பின்னாடி பெயிண்ட் வேலை மிச்சம். பட்ஜெட் இடிச்சா மணல் பினிஷ் வாங்கி அலுமினியம் பெயிண்ட் அடிங்க. பிலிம் போட்டதுல பெயிண்ட் நிக்காது, உரிஞ்சு வரும்.

நெருப்பே வேணாம்னு நினைக்கறவங்களுக்கு பின்னாடி பேப்பரை உரிச்சு ஒட்டற ஷீட்டு இருக்கு, மேல அலுமினியம் பாயில் இருக்கறதாப் பாத்து வாங்கினா வெயில்லயும் தாங்கும். கனம் கம்மி, ஒன்றரை எம்.எம். கிட்டதான் இருக்கும், அதனால தளம் வழவழன்னு இருக்கணும், ஒரு சின்ன ஜல்லி துருத்திட்டு இருந்தாலும் குத்திடும். குழந்தைங்க ஓடற, துணி காயப்போடற மாடிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், யாரும் ஏறாத போர்ட்டிகோ, படிக்கட்டு ரூம் மேல தளத்துக்கு தாராளமா போடலாம். கீழ சொல்ற சுத்தம், பிரைமர் (ஷீட்டு பிடிக்கறதுக்காக முதல்ல அடிக்கற கோட்), ஓரம், ஓவர்லேப் (ஒரு ஷீட்டு மேல அடுத்தது ஏறற அளவு) எல்லாம் அதுக்கும் பொருந்தும், டார்ச்சுக்கு பதிலா கனமான ரோலர்.

கணக்கு இப்படி. 20க்கு 25 அடி மாடி, 46 சதுர மீட்டர் சொச்சம். ஓவர்லேப் போக ஒரு ரோல் 9 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் மூடும், அப்போ தளத்துக்கு 6 ரோல். சுத்துச் சுவர் 90 அடி, 27 மீட்டர் சொச்சம், ரோலை நெடுக்கா ரெண்டா கிழிச்சா அரை மீட்டர் அகலத்துல 20 மீட்டர் கிடைக்கும், அதுக்கு 2 ரோல். மொத்தம் 8, மிச்சம் வர்ற துண்டு பைப்புக்கும் டேங்க் மேடைக்கும் ஆகும். தார் பிரைமர் ஒரு லிட்டர் சொரசொரப்பான கான்கிரீட்ல 4 சதுர மீட்டர் போகும்னு வெச்சா இந்த மாடிக்கு 15 லிட்டர் கிட்ட.

இது போக: கேஸ் டார்ச், ஹை பிரஷர் ரெகுலேட்டர், நீளமான ஹோஸ், கமர்ஷியல் சிலிண்டர். வீட்டு அடுப்பு சிலிண்டரைக் கழட்டி மாடிக்குத் தூக்கிட்டு வராதீங்க, அது சட்டப்படியும் தப்பு. டார்ச் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டியதில்ல. கொக்கி பிளேடு கத்தி, கம்பி பிரஷ், சின்னக் கரண்டி, இரும்பு ரோலர், கலர் நூல், முழங்கை வரைக்கும் வர்ற தோல் கிளவுஸ், ஷூ, பருத்தித் துணி. பாலியெஸ்டர் டீ ஷர்ட், லுங்கி ரெண்டும் அன்னைக்கு வேணாம்.

சுத்தம் பண்றதும் காயவைக்கறதும்

மாடியில இருக்கற எல்லாத்தையும் இறக்குங்க, உடைஞ்ச சேர், பழைய கதவு, பூத்தொட்டி, எல்லாம்தான். பாசியை கம்பி பிரஷ்ஷால சுரண்டி எடுங்க, பழைய வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் உரிஞ்சுட்டு இருந்தா அதையும் சுரண்டணும், ஏன்னா அது மேல ஒட்டினா ஷீட்டு பெயிண்ட்டைப் பிடிச்சுக்கும், பெயிண்ட் தளத்தைப் பிடிச்சிருக்காது. மணலி, எண்ணூர் பக்கத்து மாடில கருப்பா மெலிசா ஒரு தூசி படிஞ்சிருக்கும், சும்மா கூட்டினா போகாது, தண்ணி விட்டுத் தேச்சுக் கழுவி அப்புறம் காயவிடுங்க.

வெடிப்பை V மாதிரி அகலப்படுத்தி, தூசி ஊதி, கலவையால அடைச்சுடுங்க. சுவரும் தளமும் சேர்ற மூலை நேரா 90 டிகிரில இருந்தா ஷீட்டு அங்க மடிஞ்சு ஒடியும், உள்ள காத்து நிக்கும். அதனால மூலை பூரா ஒரு 2 இஞ்ச் அளவுக்கு சிமெண்ட் கலவையை சாய்வாப் போட்டு தேச்சு விடணும். பல பேர் விட்டுடற வேலை இது, கைப்பிடிச் சுவர் ஓரம் ஒழுகற பாதி வீட்டுக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும். அதே நேரத்துல சுவர்ல தளத்துலேர்ந்து ஒரு அடி உயரத்துல கட்டிங் மெஷினால சுத்தி ஒரு காடி வெட்டுங்க, முக்கால் இஞ்ச்ல இருந்து ஒரு இஞ்ச் ஆழம், ஷீட்டோட மேல் முனை அதுக்குள்ளதான் போய் முடியணும். செங்கல் தூசி கண்ணுல போகும், கண்ணாடி போட்டுக்கங்க.

புதுசா போட்ட கலவை நல்லா காயணும், அவசரப்படக்கூடாது. ஈரம் இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு வழி: 3 அடிக்கு 3 அடி பாலிதீன் ஷீட்டை தளத்துல விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி சாயந்திரம் விட்டுட்டு மறுநாள் காலைல, ஒரு 16 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பாருங்க. அடியில வேர்த்திருந்தாலோ தளம் கருத்திருந்தாலோ இன்னும் காயல. அந்த ஈரத்தோட ஒட்டினா முதல் வெயில்லயே ஆவியாகி ஷீட்டை பூரி மாதிரி உப்ப வெச்சுடும்.

பிரைமர்

தளம், மூலைச் சாய்வு, சுவர்ல காடி வரைக்கும் மெலிசா ஒரு கோட். கட்டியா அடிச்சா நல்லதுன்னு நினைக்காதீங்க, காயறதுக்கு நேரம்தான் ஆகும். கை வெச்சா ஒட்டாத வரைக்கும் காயணும், சில மணி நேரம் ஆகும், டப்பா மேல போட்டிருக்கறதைப் பாத்து அதை விடக் கொஞ்சம் கூடவே விடுங்க. இதுல இருக்கற சால்வென்ட் சட்டுனு பத்திக்கும், பிரைமர் வாசனை அடிக்கற வரைக்கும் டார்ச் பத்த வைக்கவே கூடாது, பீடி சிகரெட்டும் அந்தப் பக்கம் வேணாம். ஒரு நாள்ல எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் அடிங்க, ராத்திரி விட்டா தூசி படிஞ்சு திரும்ப அடிக்க வேண்டியதாயிடும்.

நெருப்பு விஷயம்

நம்ம ஏரியால வீட்டுக்கு வீடு கை எட்டற தூரம். பக்கத்து மாடில கொடில துணி, ஓலைக் கொட்டகை, தார்ப்பாய், பழைய பேப்பர் மூட்டை எது இருந்தாலும் முந்தின நாளே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க. சிலிண்டரை நிமித்தி வெச்சு வேலை நடக்கற இடத்துலேர்ந்து பத்தடியாவது தள்ளி வைங்க, ஹோஸ் ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவி கேஸ் கசியுதான்னு பாருங்க. ரெண்டு பக்கெட் தண்ணி, ஒரு சட்டி மணல், முடிஞ்சா தீயணைக்கற பவுடர் சிலிண்டர் ஒண்ணு பக்கத்துலயே இருக்கணும். டார்ச்சை எரிய விட்டு கீழ வெச்சுட்டு போன் பேசப் போறது கூடாது. வேலை முடிஞ்சு ஒரு மணி நேரமாவது மாடியிலயே இருங்க, எங்கயாவது புகையுதான்னு பாத்துட்டு இறங்குங்க. இதுக்கு முன்னாடி டார்ச் பிடிச்சதே இல்லன்னா தெரிஞ்ச ஒருத்தரை முதல் நாள் பக்கத்துல வெச்சுக்கங்க, இல்ல ஒரு பழைய சிலாப் மேல துண்டு ஷீட்டு ரெண்டு மூணு ஒட்டிப் பழகுங்க. ஒட்டினது ஆறினதும் பிச்சுப் பாருங்க, ஷீட்டு கிழிஞ்சு வரணும், சுலபமா உரிஞ்சு வந்தா சூடு பத்தலன்னு அர்த்தம்.

ஒட்டற வேலை

முதல்ல மூலைங்க. சுவர் மூலைச் சாய்வு மேல ஒரு அடி அகலத் துண்டு, பைப் வாய்ல ஒரு சதுரத் துண்டு, இது அடி லேயர். பைப் வாய்ல துண்டை வெச்சு ஓட்டைக்கு நேரா நட்சத்திரமா கீறி அந்த முக்கோண இதழ்களை சூடு பண்ணி பைப்புக்குள்ள மடிச்சு ஒட்டணும், அப்பதான் தண்ணி ஷீட்டு மேலயே போய் பைப்புக்குள்ள விழும். பி.வி.சி. பைப்பா இருந்தா நேரா நெருப்பு காட்டினா வளைஞ்சு போகும், அதனால ஷீட்டை தள்ளி வெச்சு சூடு பண்ணி கொண்டு வந்து அழுத்துங்க, இல்ல அந்த இடத்துக்கு மட்டும் தார் மாஸ்டிக், அதாவது கெட்டியான தார் பசை, தடவி ஒட்டுங்க.

அப்புறம் தளம். தாழ்வான ஓரத்துலேர்ந்து, அதாவது பைப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு மேட்டுப் பக்கம் போகணும், ஷீட்டு வாட்டத்துக்கு குறுக்கா படுக்கணும், மேல் வரிசை கீழ் வரிசை மேல ஏறணும். தண்ணி ஓடறப்ப ஜாயிண்ட்டைத் தாண்டி இறங்கும், ஜாயிண்ட்டுக்குள்ள போகாது. மாத்திப் போட்டா ஒவ்வொரு ஜாயிண்ட்டும் தண்ணிக்கு வாய் திறந்து வெச்ச மாதிரி ஆயிடும்.

கலர் நூல் அடிச்சு முதல் வரிசைக்கு நேர் கோடு போடுங்க, முதல் ஷீட்டு கோணலா போனா கடைசி வரிசைல ஓவர்லேப்பே இருக்காது. ரோலை முழுசா விரிச்சு ஒரு அரை மணி நேரம் படுக்க விடுங்க, சுருட்டின டென்ஷன் போகட்டும். இடத்துல சரியா வெச்சுட்டு ஒரு முனையிலேர்ந்து பாதி வரைக்கும் திரும்ப சுருட்டி, சூடு பண்ணிட்டே விரிச்சு ஒட்டுங்க, அப்புறம் அடுத்த பாதி. இப்படிப் பண்ணா ஷீட்டு நகராது.

நெருப்பை தளத்துக்குக் காட்டறதை விட ரோலோட அடிப்பக்கத்துக்குத்தான் அதிகம் காட்டணும். டார்ச்சை ஒரே இடத்துல நிறுத்தாம ரோலோட அகலத்துக்கு இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்குப் போயிட்டு வந்துட்டே இருங்க. அடியில இருக்கற பிலிம் சுருங்கி மறைஞ்சு தார் பளபளன்னு ஈரமா மினுக்கும், அந்த நொடி ரோலை உருட்டணும். கொதிச்சு குமிழ் விட்டு புகை கக்கினா சூடு ஜாஸ்தி, உள்ள இருக்கற துணி வெந்துடும். ஒருத்தர் டார்ச், ஒருத்தர் ரோலைத் தள்ளறது, மூணாவது ஆள் இருந்தா பின்னாடியே ரோலரால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அழுத்திட்டு வரலாம்.

ஓவர்லேப் பக்கவாட்டுல 10 சென்டிமீட்டர், நீளவாட்டு முனையில 15. ஜாயிண்ட்டை அழுத்தறப்ப ஓரத்துல உருகின தார் மெலிசா ஒரு கோடா பிதுங்கி வரணும், கால் இஞ்ச் அளவுக்கு. அந்தக் கோடு நெடுக வந்தா உள்ள ஒட்டியிருக்கு, எங்க விட்டுப்போச்சோ அங்க கரண்டியை சூடு பண்ணி நுனியைத் தூக்கி திரும்ப சூடு காட்டி அழுத்தணும். நாள் முடியறப்ப ஒரு மொண்ணை கத்தியால எல்லா ஜாயிண்ட்டையும் நெம்பிப் பாத்துட்டே போங்க, உள்ள நுழையற இடம் எல்லாம் நாளைக்கு ஒழுகற இடம்.

மேலும் ரெண்டு விஷயம். பக்கத்து பக்கத்து வரிசைல முனை ஜாயிண்ட் ஒரே கோட்டுல வரக்கூடாது, ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்க. மூணு ஷீட்டு ஒண்ணு மேல ஒண்ணு சேர்ற மூலைல நடு ஷீட்டோட மூலையைக் கோணலா வெட்டி எடுத்துடுங்க, இல்லன்னா அங்க ஒரு சின்ன சந்து நிக்கும், தண்ணிக்கு அது போதும். கல்லுத்தூள் ஷீட்டுக்கு பக்கவாட்டுல கல்லு இல்லாத ஒரு பட்டை கம்பெனியே விட்டிருப்பாங்க, ஆனா முனையில அது இருக்காது, அதனால முனை ஓவர்லேப்ல கீழ் ஷீட்டை சூடு பண்ணி கரண்டியால தேச்சு கல்லை தாருக்குள்ள அமுக்கி விட்டுட்டுத்தான் மேல் ஷீட்டை ஒட்டணும்.

சுவர் ஓரம்

தளம் முடிஞ்சதும் அந்த அரை மீட்டர் பட்டைங்க. மொத்தமா நீளமா போடாதீங்க, ஒரு ஒன்றரை மீட்டர் நீளத் துண்டா வெட்டிக்கங்க, அப்பதான் சுவர் பக்கத்துல நின்னு ஒட்டறப்ப கைக்கு அடங்கும். கீழ தளத்து ஷீட்டு மேல 15 சென்டிமீட்டர் படுத்து, மூலைச் சாய்வுல ஒட்டி, சுவர்ல ஏறி மேல் முனை காடிக்குள்ள மடங்கணும். துண்டுக்கும் துண்டுக்கும் 10 சென்டிமீட்டர் ஓவர்லேப். காடிக்குள்ள போனதும் அலுமினியம் பட்டை வெச்சு ஒரு அடிக்கு ஒரு ஸ்குரூ அடிச்சு, மேல பாலியூரித்தேன் சீலன்ட் (சந்தை அடைக்கற ரப்பர் மாதிரி பசை) விட்டு, அதுக்கு மேல காடியை கலவையால பூசி மூடுங்க. சும்மா சுவர் மேல ஒட்டிட்டு விட்டா ரெண்டு கோடை தாங்காது, மேல் நுனி வாயைத் திறக்கும், மழைத்தண்ணி சுவரோட வழிஞ்சு நேரா ஷீட்டுக்கு பின்னாடி இறங்கும், அப்புறம் எங்க ஒழுகுதுன்னே கண்டுபிடிக்க முடியாது.

பொதுச் சுவர் இருக்கற வீட்டுல பக்கத்து வீட்டு மாடி உங்க மாடியை விட உயரமா இருந்தா அவங்க சுவர்லதான் காடி வெட்டணும். கேட்டுட்டு வெட்டுங்க. சுவரோட தலைப்பக்கம் பூச்சு வெடிச்சிருந்தா அதையும் சேத்து பூசிடுங்க, அங்கேர்ந்து இறங்கற தண்ணியை எந்த ஷீட்டும் தடுக்காது.

டேங்கும் மத்ததும்

ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைஞ்சா ஒரு டன், அதை சுத்தி வெட்டி ஒட்டினா அடியில அப்படியே ஓட்டை விட்ட மாதிரி. காலி பண்ணி ரெண்டு பேர் நகத்திட்டு அடியிலயும் ஷீட்டு போட்டு, அதுக்கு மேல இன்னொரு துண்டு ஷீட்டு விரிச்சு, செங்கல் மேடை கட்டி டேங்க்கை வைங்க. தளத்துலேர்ந்து மேல வர்ற தண்ணி பைப், ஒயர் பைப்புக்கு சுத்தி காலர் மாதிரி ஷீட்டு சுத்தி மேல ஸ்டீல் கிளாம்ப் போட்டு சீலன்ட் விடணும். டிஷ் ஆன்டெனா, கொடிக்கம்பம் எல்லாம் இனிமே சுவர்லதான், தளத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. இதை வீட்டுல எல்லார்கிட்டயும், முக்கியமா கேபிள்காரர்கிட்டயும் பந்தல்காரர்கிட்டயும் சொல்லி வைங்க.

தண்ணி கட்டிப் பாக்கறது

பைப் வாயை துணி மூட்டையால அடைச்சு, ஒரு இஞ்ச்ல இருந்து ரெண்டு இஞ்ச் வரைக்கும் தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க. ரெண்டு இஞ்சுன்னா ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ, தளம் பலவீனமா இருக்கோன்னு சந்தேகம் இருந்தா தண்ணி கட்டாம ஹோஸ்ல ஜாயிண்ட் ஜாயிண்ட்டா நனைச்சுப் பாருங்க. கீழ சீலிங்ல பழைய கறைங்களைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டு வெச்சா கறை வளருதா இல்லையான்னு தெரிஞ்சிடும். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணணும், அப்பதான் எதாவது இருந்தா கண்ணுக்குத் தெரியும்.

மணல் பினிஷ் ஷீட்டுன்னா அதுக்கப்புறம் தார் அடிப்படையில வர்ற அலுமினியம் பெயிண்ட் ரெண்டு கோட். சாதா வெள்ளை பெயிண்ட்டை நேரா தார் மேல அடிச்சா பழுப்பா கசிஞ்சு வரும். அலுமினியம் பெயிண்ட் சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கற மாதிரி இருக்கும், வெள்ளி நிறம் மங்கி கருப்பு தெரிய ஆரம்பிச்சா அடிக்கணும்னு வெச்சுக்கங்க. கருப்பு ஷீட்டை அப்படியே விட்டா கீழ் ரூம்ல மே மாசம் ஃபேன் காத்தே அனலா வரும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003லேர்ந்து தமிழ்நாட்டுல கட்டாயம், உங்க மாடித் தண்ணி கிணத்துக்கோ சம்ப்புக்கோ போற மாதிரி இருந்தா ஷீட்டு போட்ட முதல் சில மழைத் தண்ணியை வெளிய விட்டுடுங்க. அதுக்கப்புறமும் இந்த மாடித் தண்ணியை நிலத்துக்கு இறக்கறதோட நிறுத்திக்கறது நல்லது, குடிக்க சமைக்க வேணாம்.

வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு தடவை மாடி ஏறி பைப் வாய் ஜாலியை சுத்தம் பண்ணி, சுவர் ஓர சீலன்ட் வெடிச்சிருக்கா, எங்கயாவது உப்பியிருக்கான்னு பாருங்க. சின்ன உப்பல், ஜாயிண்ட்டுக்கு தள்ளி இருந்தா அப்படியே விட்டுடலாம், கிளற வேண்டாம். பெரிசா இருந்தா கத்தியால பெருக்கல் குறி மாதிரி கீறி, நாலு மடலையும் விரிச்சு வெயில்ல முழுசா காயவிட்டு, சூடு பண்ணி திரும்பப் படுக்க வெச்சு, கீறலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் வர்ற மாதிரி ஒரு துண்டை மேல ஒட்டுங்க. துண்டோட மூலைங்களை வட்டமா வெட்டிக்கங்க, கூர் மூலை கால்ல தட்டி உரிஞ்சு வரும். அந்தத் துண்டுக்காகத்தான் மிச்ச ரோலைத் தூக்கிப் போடாம நிக்க வெச்சு, படுக்க வைக்காம, படிக்கட்டு ரூம் நிழல்ல வெச்சுக்கச் சொல்றது.